தெருவே நூல், நடையே கல்வி

இங்கிலாந்து மன்னர் வரிசையை ஒரே மூச்சில் ஒப்புவிக்க வல்ல முதியவர்கள் சிலரை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலே நம் பள்ளிக்கூடங்களிற் பயின்ற தலைமுறையினர் அவர்கள். 1066 என்றால் வில்லியத்தின் வெற்றி, 1215 என்றால் மகா சாசனம், 1265 என்றால் சைமன் டி மொன்ற்போட் கூட்டிய பாராளுமன்றம் எனத் தாம் ஒருநாளும் மிதித்தறியாத மண்ணின் வரலாறு அவர்களது நாவிலே நின்றது. நெஞ்சிலே நின்றதா என்பது வேறு வினா. ஆண்டுகளைப் பாடமாக்கிய அந்த மாணாக்கர்மீது குற்றமில்லை. ஓர் ஊரின் வரலாற்றை அவ்வூரின் தெருக்களிலிருந்து பிரித்தெடுத்து, உப்பிட்டு உலர்த்திப் பெட்டியிலே அடைத்துக் கப்பலேற்றிய கல்வி முறையின் குற்றம் அது.

அவ்வாண்டுகளிற் சிலவற்றைத் தன் கற்களிலே தாங்கி நிற்கும் ஊர் ஒன்று தென் இங்கிலாந்திலே உண்டு. லூயிஸ் என்பது அதன் பெயர். கிழக்குச் சசெக்ஸ் பகுதியின் தலைநகர். லண்டன் மாநகரிலிருந்து புகையிரதத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். இத்தகைய ஆங்கில ஊர்களிலே ஒரு நல்ல வழக்கம் உண்டு. வழிகாட்டி ஒருவர் முன்னே குடை பிடித்துச் செல்ல, பின்னே மந்தைபோல் நடக்க வேண்டியதில்லை. வழி குறித்த சிறு படமொன்று கிடைக்கும். இக்காலத்திலே அது கைபேசியிலும் வந்துவிடுகின்றது. அதைக் கையிலெடுத்துக்கொண்டு, விரும்பிய நேரத்திலே விரும்பிய இடத்திலே நின்று, தாமே ஊரைச் சுற்றி வந்து அதன் வரலாற்றை அறிந்து கொள்ளலாம். வரலாறு கற்பதற்கு இதனினும் சிறந்த முறை இல்லை என்பது என் கட்சி. ஆயினும், கையிலுள்ள படம் சொல்வதையே வரலாறென்று நம்பி நடப்பவர், மன்னர் வரிசையை மனனஞ் செய்த மாணாக்கரிலும் மேலானவர் அல்லர் என்பதும் என் கட்சியே. இவ்விரண்டையும் லூயிஸ் நகரின் தெருக்களைக் கொண்டே விளக்க விரும்புகின்றேன்.

ஒழுங்கைகளின் ஊர்

சுண்ணக்கற் குன்றுகளை ஊடறுத்து ஊஸ் என்னும் ஆறு கடலை நாடிச் செல்லும் இடைவெளியிலே, ஒரு மேட்டின் முதுகில் அமைந்தது லூயிஸ். பெருந்தெரு அதன் முதுகெலும்பு; இருபுறமும் சரிவில் இறங்கும் ஒடுங்கிய பாதைகள் விலா எலும்புகள். அவ்வூரார் அவற்றை ‘ட்விற்றன்’ என்பர். யாழ்ப்பாணத்தார் கண்டால் ஒழுங்கை என்றே சொல்லுவர். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய அகலம், இருபுறமும் தீக்கற்சுவர். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே அல்பிறட் மன்னன் டேனியருக்கு எதிராகத் தொடங்கிய அரண்நகர் வரிசையில் லூயிசும் ஒன்று. இவ்வொழுங்கைகளின் அமைப்பிலே அந்தச் சக்சனியர் காலத்து நகரமைப்பே இன்றும் தெரிகிறதென்று அறிஞர் கருதுவர். வீடுகள் இடிந்தன, எழுந்தன. மன்னர் மாறினர், மதம் மாறிற்று. மக்கள் நடந்த தடம் மாத்திரம் மாறவில்லை.

பெருந்தெருவின் மேலே கோட்டை. 1066ஆம் ஆண்டு வெற்றியின் பின், வில்லியம் டி வாறன் என்னும் நோர்மானியப் பிரபு அதனை அமைத்தான். கோட்டைக்கென மண்மேடு ஒன்று எழுப்புவது அக்காலத்து வழக்கம். இங்கே இரண்டு மேடுகள் உள. இங்கிலாந்திலே இத்தகைய இரட்டை மேட்டுக் கோட்டை லிங்கன் நகரிலே மற்றொன்றுதான். பதினான்காம் நூற்றாண்டிற் கட்டிய புறவாயில் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றது.

தெருவிலே நடப்பவருக்கு இவ்வூர் கற்பிக்கும் முதற்பாடம் ஐயுறுதல். இங்குள்ள பழைய வீடுகளிற் சில செங்கற் கட்டடங்கள்போலத் தோன்றும். அணுகிப் பார்த்தால் அவை மரச்சட்டத்தால் ஆனவை. செங்கல்லின் முகம்போல் வார்த்த ஓடுகளை அவற்றின்மீது வரிசையாகப் பதித்திருக்கின்றனர். ஏழை மரவீடு செல்வச் செங்கல் வேடம் புனைந்து நிற்கின்றது. எதிர்ப்புறத்திலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது. பஸ் வண்டியிற் செல்பவருக்கு ஒருபோதும் தெரியாது. மூலையை அடைந்து, ஓடுகள் முடியும் விளிம்பிலே கண்ணை வைப்பவருக்கே உண்மை புலனாகும்.

சவுதோவர் என்னும் தென்பகுதியிலே அழகிய மரவீடு ஒன்று இருக்கின்றது. ‘கிளீவ்ஸ் ஆனின் இல்லம்’ என்று பெயர். எட்டாம் ஹென்றி மணந்து சில மாதங்களிலே விலக்கிய அரசியின் பெயரைக் கேட்டவுடன், அவள் அந்தப் பலகணியருகே அமர்ந்து கண்ணீர் வடித்திருப்பாளென நம் மனம் கதை புனையத் தொடங்கிவிடும். உண்மை வேறு. மணவிலக்கின்பின் 1541ஆம் ஆண்டு அவளுக்கு எழுதிக்கொடுத்த சொத்துக்களுள் இதுவும் ஒன்று. அவள் இங்கு வாழ்ந்தாள் என்பதற்குச் சான்றில்லை. அவ்வீட்டின் உண்மைச் செல்வம் அரசியின் பெயரன்று; வேறொன்று. அதனைப் பின்னர்ச் சொல்லுவேன்.

கல்லின் பயணம்

அரண்மனைகளும் ஆலயங்களும் எங்கே போகின்றன என்னும் வினாவுக்கும் சவுதோவரிலே விடை உண்டு. 1077ஆம் ஆண்டளவிலே, வில்லியம் டி வாறனும் அவன் மனைவி குண்டிறதாவும் பிரான்சிலுள்ள குளூனி மடத்தைச் சேர்ந்த துறவியரை அழைத்து இங்கே மடமொன்று நிறுவினர். இங்கிலாந்திலே அச்சபையாரின் முதல் மடம் இதுவே. இதன் கோயில் சிச்செஸ்டர்ப் பேராலயத்திலும் நீண்டதாக விளங்கிற்று. 1537ஆம் ஆண்டு மடம் அரசன் கைக்குச் சென்றது. அடுத்த ஆண்டிலே, தோமஸ் குறொம்வெல் அனுப்பிய இத்தாலியப் பொறிவல்லார், தூண்களின் அடியைக் குடைந்து அந்த மாபெருங் கோயிலை வீழ்த்தினர்.

வீழ்ந்த கல் வீணாகவில்லை. 1572ஆம் ஆண்டிலே எழுந்த சவுதோவர் மாளிகையின் சுவர்களை உற்று நோக்குங்கள். நோர்மண்டியிலுள்ள கான் நகரின் வெண்கல் அங்கே தெரியும். கடல் கடந்து வந்து துறவியரின் தொழுகை கேட்ட கல், ஒரு செல்வரின் வீட்டுச் சுவராயிற்று. பின்னர் நாட்குறிப்பினாற் புகழ்பெற்ற ஜோன் ஈவ்லின் சிறுவனாக அம்மாளிகையிலே தங்கிப் படித்தார். இன்று அதன் தோட்டம் ஊரார் உலாவும் பொதுப் பூங்கா.

இத்துடனும் கதை முடியவில்லை. 1845ஆம் ஆண்டு புகையிரதப் பாதை அமைத்தோர், பழைய கோயில் நின்ற நிலத்தை ஊடறுத்துச் சென்றனர். மண்வெட்டியின் கீழே இரண்டு சிறிய ஈயப் பேழைகள் அகப்பட்டன. ஒன்றிலே வில்லியத்தின் பெயர். மற்றதிலே குண்டிறதாவின் பெயர். மடத்தை நிறுவியவர்களின் எலும்புகள் அவற்றுள் இருந்தன. அடுத்த ஆண்டே, 1846இல், சசெக்ஸ் தொல்பொருட் சங்கம் தோன்றிற்று. அழித்த கையே கண்டெடுத்த கையுமாயிற்று. இன்று லூயிசுக்குப் புகையிரதத்தில் வந்திறங்கும் பயணி, தான் கடந்துவந்த தண்டவாளம் எதன்மேற் கிடக்கின்றதென்பதை அறியாமலே ஊருக்குள் நுழைகின்றான். நடந்து திரும்பிச் செல்லும்போது அறிவான்.

சொல்லாத பாதி

மடத்தின் இடிபாடுகளுக்கு அருகே போர்த்தலைக்கவசம் போன்றதொரு சிற்பம் நிற்கின்றது. லூயிஸ் போரின் எழுநூறாம் ஆண்டு நிறைவுக்காக 1964இல் நாட்டியது அது. 1264ஆம் ஆண்டு மே மாதம் 14ஆந் தேதி, மூன்றாம் ஹென்றி மன்னன் இம்மடத்திலே தங்கியிருந்தான். இளவரசன் எட்வேட் மேலே கோட்டையில். சைமன் டி மொன்ற்போட்டின் படை குன்றுகளின் மீதேறி வந்து நின்றது. அப்படையிலே இருந்த லண்டன் நகரத்தாரை முறியடித்த இளவரசன், வெற்றி மயக்கத்தில் அவர்களை நெடுந்தூரம் துரத்திச் சென்றான். திரும்பி வந்தபோது தந்தையின் போர் தோல்வியாய் முடிந்திருந்தது. அடுத்த ஆண்டு சைமன் கூட்டிய பாராளுமன்றத்திலே நகரங்களின் பிரதிநிதிகளும் அமர்ந்தனர். மக்களாட்சியின் தந்தையென அவரை வாழ்த்துவோர் பலர்.

குன்றின்மேல் நின்று இப்போர்க்களத்தைப் பார்ப்பவர் மற்றப் பாதியையும் நினைத்தல் வேண்டும். இதே சைமன் 1231ஆம் ஆண்டளவிலே தம் ஆட்சிக்குட்பட்ட லெஸ்ரர் நகரிலிருந்து யூதரை வெளியேற்றியவர். லூயிஸ் போருக்குச் சில வாரங்களின் முன், அவர் கட்சியினர் லண்டனிலே யூதர் பலரைக் கொன்று குவித்தனர். மன்னனின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த கைகளே அயலவனின் உயிருக்கு எல்லை வகுக்க மறந்தன. இதனால் 1265இன் பெருமை பொய்யாகிவிடாது. ஆயினும் அது முழுமையன்று. நினைவுச் சின்னம் ஒரு பாதியைச் சொல்லும். மறுபாதியை நடப்பவரே கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

நெருப்பின் நினைவு

பெருந்தெருவிலே இன்று நகர மண்டபம் இருக்கும் இடத்திலே அன்று நட்சத்திர விடுதி இருந்தது. 1555 முதல் 1557 வரை, மேரி அரசியின் ஆட்சியில், புரட்டஸ்தாந்தக் கொள்கையைக் கைவிட மறுத்த பதினேழு பேரை அதன் முன்றிலிலே உயிரோடு எரித்தனர். முதலில் எரிந்தவர் டெறிக் காவர் என்னும் மதுவடிப்போர். 1557 ஜூன் 22ஆந் தேதி ஒரே தீயிலே பத்துப் பேர் மாண்டனர். ஊருக்குக் கிழக்கே குன்றின்மேல் 1901இல் எழுப்பிய நினைவுத்தூண் அவர்களுக்கானது.

ஆண்டுதோறும் நவம்பர் 5ஆந் தேதி இவ்வூர் தீப்பந்தங்களால் ஒளிரும். 1605ஆம் ஆண்டு வெடிமருந்துச் சதி முறிந்ததை இங்கிலாந்து முழுவதும் கொண்டாடும் நாள் அது. லூயிஸ் மக்கள் அதனோடு தம் பதினேழு பேரையும் நினைத்துப் பதினேழு எரியும் சிலுவைகளை ஏந்திச் செல்வர். அவ்வளவில் யாரும் குறை கூற இயலாது. ஆனால் ஊரின் ஒரு பகுதியிலே பாப்பரசரைப் பழிக்கும் வாசகத்தைத் துணியிலெழுதித் தெருவுக்குக் குறுக்கே கட்டுவதும், 1605இலே பாப்பரசராயிருந்த ஐந்தாம் பவுலின் உருவத்தை எரிப்பதும் நெடுங்கால வழக்கமாய் இருந்து வந்தன. இது பழைய வழக்கமன்றிப் பகைமையன்று என்பர் அவ்வூரார் பலர். அயலிலே வாழும் கத்தோலிக்கருக்கு அது எவ்வாறு தோன்றும் என்பதே வினா.

மாண்டவரை நினைப்பது கடன். மாய்த்தவரின் வழித்தோன்றலைப் பகைப்பது கடனன்று. இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு லூயிஸ் ஒழுங்கைகளிலும் ஒடுக்கமானது. பதினேழு பேரின் பெயர்களைப் படித்துவிட்டு அந்த முன்றிலிலே சிறிதுநேரம் தனியே நின்று பாருங்கள். கூட்டத்தோடு பந்தம் ஏந்தும்போது தோன்றாத எண்ணம் அப்பொழுது தோன்றும். நெருப்பை மூட்டியோரும் தாம் அறத்தையே செய்கின்றோம் என்றுதான் நம்பியிருந்தனர்! தனித்து நடப்பதன் பயன் இது. கூட்டம் நமக்காக உணர்ந்து தருவதை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

பனியின் கீழே

அரசர்க்கும் ஆன்றோர்க்கும் தூண் உண்டு. ஏழைக்கு யாது உண்டு? ஆற்றின் அக்கரையிலே சுண்ணக்கற் குன்றின் செங்குத்தான அடிவாரத்தில் ‘பனித்துளி’ என்று பொருள் கொள்ளத்தக்க பெயருடைய மதுச்சாலை ஒன்று இருக்கின்றது. மென்மையான வெண்மலர் ஒன்றின் பெயரும் அதுவே. வழிப்போக்கர் மலரையே நினைப்பர். 1836ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆந் தேதி அந்த இடத்திலே நின்றவை ஏழைத் தொழிலாளரின் குடியிருப்புகள். நத்தார்க் காலத்திலே பெய்து குன்றின் விளிம்பிலே திரண்டு தொங்கிய பனி, அன்று சரிந்து அவற்றின்மீது வீழ்ந்தது. பதினைந்து பேர் புதையுண்டனர், எழுவரை உயிரோடு மீட்டனர், எண்மர் மாண்டனர். பிரித்தானியா கண்ட பனிச்சரிவுகளுள் மிகுந்த உயிர்களைக் கொண்டது இதுவே. மதுச்சாலையின் அழகிய பெயருக்குள் எட்டுச் சாவுகள் மறைந்து கிடக்கின்றன.

கிளீவ்ஸ் ஆனின் இல்லத்தினுடைய உண்மைச் செல்வம் என்று முன்னர்க் குறித்தது இதனையே. அன்று பனியினுள்ளிருந்து மீட்ட இரண்டு வயதுக் குழந்தை அணிந்திருந்த வெண்ணிறச் சட்டையை அவ்வீட்டு அரும்பொருளகத்திலே காத்து வைத்தனர். வாழாத அரசியின் பெயரால் நாம் அவ்வீட்டுக்குச் செல்கின்றோம். வாழ்ந்த ஏழைக் குழந்தையின் சட்டை நம்மைத் தடுத்து நிறுத்துகின்றது. எது வரலாறு என்பதை அச்சட்டையைக் கண்டபின் யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டு எழுத்தாளரும் ஒரு விடுதியும்

1768ஆம் ஆண்டு தீர்வை உத்தியோகத்தராக லூயிசுக்கு வந்தார் தோமஸ் பெயின். பெருந்தெருவிலுள்ள காளை இல்லத்திலே குடியிருந்து, அவ்வீட்டாரின் மகளை 1771இல் மணந்தார். புகையிலைக் கடை நடத்தி நட்டப்பட்டார். ‘வெண்கலைமான்’ எனப் பொருள்படும் பெயருடைய விடுதியிலே மாலை வேளைகளில் நண்பரோடு வாதிட்டார். தீர்வை உத்தியோகத்தரின் சம்பளம் போதாதென்றும், வறுமையே அவர்களை ஊழலுக்குத் தள்ளுகின்றதென்றும் 1772இலே ஒரு விண்ணப்பம் எழுதினார். 1774இலே உத்தியோகம் போயிற்று, மனைவியும் பிரிந்தாள், அவர் கப்பலேறி அமெரிக்கா சென்றார். 1776 ஜனவரியிலே வெளிவந்த அவரது சிறுநூல் ஒரு கண்டத்தையே சுதந்திரப் போருக்குத் தட்டியெழுப்பிற்று. விடுதிச் சுவரிலுள்ள பலகை, அமெரிக்கச் சுதந்திரத்தின் தொட்டில் இதுவென்று பெருமை பேசும். பலகை பேசட்டும். கடன்பட்டு, வேலையிழந்து, இல்லறமும் குலைந்த முப்பத்தேழு வயது மனிதன் ஒருவன் இத்தெருவழியே ஊரைவிட்டுப் போனானே, அவனையும் நாம் காண வேண்டும்.

அதே விடுதியிலே 1919 ஜூலை முதல் நாள் வீடொன்று ஏலத்துக்கு வந்தது. எழுநூறு பவுணுக்கு அதை எடுத்தவர்கள் லெனாட் வூல்பும் அவர் மனைவி வேர்ஜீனியாவும். சில வாரங்களின் முன்னரே அவர்கள் லூயிசில் ‘சுங்கான் ஒழுங்கை’ என்று நாம் சொல்லத்தக்க சந்திலே, பழைய காற்றாலையொன்றின் எச்சமாகிய வட்டவீட்டை வாங்கியிருந்தனர். ஏலத்தில் எடுத்தது மூன்று மைலுக்கப்பால் றொட்மெல் கிராமத்திலுள்ள வீடு. வட்டவீட்டிலே அவர்கள் வாழவில்லை. ஈழத்து வாசகருக்கு லெனாட் வூல்ப் அந்நியர் அல்லர். 1904இல் இலங்கை வந்து, யாழ்ப்பாணக் கச்சேரியிலே பணி தொடங்கி, அம்பாந்தோட்டையிலே உதவி அரசாங்க அதிபராயிருந்து, 1911இல் திரும்பியவர். காட்டினால் விழுங்கப்படும் ஒரு சிங்களக் கிராமத்தைப் பற்றிய அவரது நாவல் 1913இலே வெளிவந்தது. அது கச்சேரிக் கோப்புகளிலே பிறந்த நூலன்று. குதிரையிலும் கால்நடையாகவும் ஊரூராய்ச் சென்ற கண்களிலே பிறந்தது. அவர் யூத குலத்தவர் என்பதையும் இங்கே நினைவு கூருதல் தகும். சைமனின் போர்க்களத்தைக் கடந்து லூயிசுக்கு வந்து போன அவரது நடையிலே, சிற்பம் சொல்லாத அந்தப் பாதி இருந்தது. 1969இலே மறையும்வரை அவர் றொட்மெல்லிலேயே வாழ்ந்தார். வேர்ஜீனியா 1941 மார்ச் 28ஆந் தேதி, அக்கிராமத்தின் அருகே ஓடும் இதே ஊஸ் ஆற்றிலே தம் உயிரை நீத்தார்.

ஒரு மறுப்பும் விடையும்

கற்றோர் துணையின்றித் தெருவிலே திரிபவன் கதைகளையன்றி வரலாற்றைக் கற்க மாட்டான் என்று கூறுவார் உளர். கூற்றிலே உண்மை உண்டு. கீர் தெரு என்னும் செங்குத்தான கல்லுத்தெருவிலே, பின்னாளில் நான்காம் ஜோர்ஜ் மன்னனான இளவரசன் பந்தயங் கட்டி நாற்குதிரை வண்டியோட்டினான் என்னும் கதையை ஒவ்வொருவரும் கேட்டுச் செல்கின்றனர். சான்று கேட்பவர் சிலரே. ஆனால் அறைக்குள்ளிருந்து படிப்பவனும் கதைகளுக்கு இரையாகின்றான். இருவருக்கும் வேண்டியது ஒன்றே, ‘இது எங்ஙனம் தெரியும்?’ என்னும் வினா. இவ்வூரிலே 1790இற் பிறந்த கிடியன் மன்ரெல் என்னும் மருத்துவரைப் பாருங்கள். சப்பாத்துத் தைப்பவரின் மகன். நோயாளரைப் பார்க்கச் சென்ற வழிகளிலே கற்களையும் பார்த்தவர். கல்லிற் புதைந்த சில பற்கள் எவ்விலங்கினுடையவை என்று விடாது வினவினார். பேரறிஞர் பலர் முதலில் அவரை நம்பவில்லை. 1825இலே அவற்றை இகுவானோடன் என்னும் பெருவிலங்கின் பற்களென நிறுவினார். பெருந்தெருவிலுள்ள அவர் வீட்டின் தூண்தலைகளிலே சுருண்ட சங்குபோன்ற தொல்லுயிர் வடிவங்கள் இன்றும் தெரியும். தெருவிலே நடந்தவர், வினாவை விடாதவர், அறிஞரையும் திருத்தினார்.

ஆகையால் இப்படிச் செய்யலாம் என்பேன். எந்த ஊராயினும் இரண்டு முறை நடக்க வேண்டும். முதல் முறை, படத்தைக் கையிலே வைத்து, அது காட்டுவதையெல்லாம் காணலாம். இரண்டாம் முறை, அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, அது காட்டாதவற்றைத் தேட வேண்டும். இக்கல் எங்கிருந்து வந்தது? இப்பெயர் எதனை மறைக்கின்றது? இத்தெருவிலே வாழ்ந்தும் பலகை பெறாதவர் யார்? ஆசிரியர்கள் மாணாக்கரிடம் ஆண்டுகளைக் கேட்பதற்குமுன் இம்மூன்று வினாக்களைக் கேட்கப் பழக்கினால், ஆண்டுகள் தாமே வந்து ஒட்டிக்கொள்ளும்.

நம் முன்னோர் 1265ஐ மனனஞ் செய்தனர். லூயிசின் குன்றிலே ஒரு பிற்பகல் நின்றவன் அந்த ஆண்டை மறக்கமாட்டான். மனனஞ் செய்ததால் அன்று, அந்த ஆண்டோடு தான் ஒருமுறை வழக்காடியிருப்பதால்.